மலைக்காட்டார் என்றொரு பாட்டுக் குழு

நாட்டார் பாடல்களைப் பற்றி வானொலியிலும் பத்திரிகைகளிலும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். பாடலைத் திரட்டியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது, எந்தச் சடங்கில் பாடப்படுகிறது என்றெல்லாம் ஆராய்கிறோம். ஆனால் பாடுகிற குழுவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. நம்முடைய மரபிலேயே கேட்கத்தக்க பெயர்கள் உண்டு. கோயிலில் நாதஸ்வரத்தோடு ஒலித்தது பெரிய மேளம். சதிராட்டத்துக்கு இசைத்தது சின்ன மேளம். கரகத்துக்கும் காவடிக்கும் வாசித்ததோ நையாண்டி மேளம். நையாண்டி என்றால் கேலி. பெரியது, சின்னது என்று அளந்து பெயர் வைத்தவர்கள், ஏழை எளியவர்களின் இசைக்கு வந்தபோது ஒரு சிரிப்பையே பெயராகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெயரைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாசித்து வந்திருக்கின்றன.

இன்று நேயர்களுக்கு நான் சொல்லவிருப்பது இதே போன்றதொரு பெயரின் வரலாறு. கதை நடந்தது நம் நாட்டில் அல்ல, அமெரிக்காவில். எனினும் மலையில் பிறந்தவர்களுக்கு, குறிப்பாகப் பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இது அந்நியக் கதையாகத் தோன்றாது. அதனாலேயே இதைத் தெரிந்தெடுத்தேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். அதன் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்துக் கேப் கிரீக் என்ற சிற்றூரில் ஹொப்கின்ஸ் குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தை பிடில் வாசிப்பவர். ஓகன் பெட்டிகளைச் செய்யவும் திருத்தவும் கைப்பழக்கம் உள்ளவர். தாயிடம் பழைய கதைப்பாடல்களும் தேவாலயப் பாடல்களும் நிறைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடும்பம் தலைநகரான வொஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் ஊரை விட்டு வந்தாலும் பாட்டை விட்டு வரவில்லை. 1910ஆம் ஆண்டளவில் அல், ஜோ, எல்மர், ஜோன் என்ற சகோதரர் நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழுவை அமைத்து நகரத்து அரங்கில் பாடினார்கள். ‘பழைய மோஹோக் நால்வர்’ என்பது அதன் பெயர். கௌரவமான பெயர், சிரிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. இவர்களின் இன்னொரு சகோதரர் மருத்துவர். வேர்ஜினியா மாநிலத்து மலைநகரமான கேலக்ஸில் அவர் தொழில் செய்ததால், அல் ஹொப்கின்ஸ் அவருக்கு உதவியாக அங்கே சென்று சேர்ந்தார். இப்படித்தான் மலையிலிருந்து இறங்கிய குடும்பம் மறுபடி மலையேறியது.

கேலக்ஸில் டோனி ஆல்டர்மன் என்ற இளைஞர் சலூன் வைத்திருந்தார். முடி வெட்டுவது தொழில், பிடில் வாசிப்பது ஆசை. 1924ஆம் ஆண்டு ஜோ ஹொப்கின்ஸ் ஒருநாள் கித்தாருடன் அந்தச் சலூனுக்குள் நுழைந்தார். ஜோ புகையிரதச் சரக்குச் சேவையில் வேலை பார்த்தவர். முடி வெட்டிக்கொண்டாரோ இல்லையோ, இருவரும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் அல் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் பலசரக்குக் கடை நடத்திய ஜோன் ரெக்டர் பாஞ்சோவுடன் நான்காமவராக இணைந்தார். பாஞ்சோ என்பது தோல் போர்த்திய வட்ட வயிறுடைய நரம்புக் கருவி. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தந்தது. நம் ஊரிலும் பேச்சு வளர்வதும் பாட்டுப் பழகுவதும் சலூனில்தானே! அங்கே காத்திருக்கும் வாங்கில்தான் உலகம் முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

ரெக்டர் ஏற்கெனவே நியூயோர்க் சென்று இசைத்தட்டுக்கு வாசித்துவிட்டு வந்தவர். போன இடத்தில் கண்டதை விட நன்றாக நம்மால் வாசிக்க முடியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நண்பர்களையும் நகரத்துக்கு அழைத்துப் போனார். அக்காலத்தில் ஒலிப்பதிவு என்பது இன்றைய விளையாட்டல்ல. ஒலிவாங்கி பாவனைக்கு வருமுன், பாடுகிறவர்கள் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயருகே நெருக்கியடித்து நிற்க வேண்டும். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். விக்டர் நிறுவனத்தில் அவர்கள் செய்த முதல் முயற்சி சரிவரவில்லை. விட்டுவிடாமல் மறுபடியும் போனார்கள். 1925 ஜனவரி 15ஆம் திகதி ‘ஓகே’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ஆறு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். இந்த நிறுவனத்தின் பெயரே ஒரு வேடிக்கை. அதை நிறுவிய ஒட்டோ ஹைன்மன் என்பவர் தம் பெயரின் தலையெழுத்துக்களைக் கோத்துப் பார்த்தார், ‘சரி’ என்று பொருள்படும் சொல் கிடைத்தது, அதையே வைத்துக்கொண்டார். தானே தனக்கு வைத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர் இது. நம் பாட்டுக்காரர்களுக்கு நேர்ந்தது வேறு வகை.

பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரால்ப் பியர். இசைத்தட்டு வரலாற்றில் பெரிய பெயர். 1923ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஜோன் கார்சன் என்ற முதிய பிடில்காரரின் பாட்டைப் பதிவுசெய்தவர் இவர்தான். அந்தக் குரல் இவருக்குச் சகிக்கவில்லை. ஆனால் தட்டு விற்றுத் தீர்ந்தது. மலைவாசிகளின் பாட்டுக்கு மலைவாசிகளே காசு கொடுப்பார்கள் என்பதை வியாபாரிகள் அன்றுதான் கண்டுகொண்டார்கள். சுவை அறிந்து வந்தவரல்லர் பியர், சந்தை அறிந்து வந்தவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சுவை அறிந்த எத்தனையோ பேர் அந்தப் பாட்டுக்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாடல்கள் ஆறும் பதிவாகி முடிந்தன. கணக்குச் சீட்டில் எழுத வேண்டும். குழுவின் பெயரென்ன என்று பியர் கேட்டார். இவர்களிடம் பெயரில்லை. இத்தனை தூரம் வந்தவர்கள், இரண்டு முறை நகரத்தைக் கண்டவர்கள், அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. அல் ஹொப்கின்ஸ் சிரித்துக்கொண்டு, நாங்கள் வட கரோலினாவிலிருந்தும் வேர்ஜினியாவிலிருந்தும் வந்த வெறும் ‘ஹில்பில்லி’க் கூட்டம்தானே, எப்படியாவது போட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படப் பதில் சொன்னார். பியர் தாமதிக்கவில்லை. எழுதுவினைஞரிடம் திரும்பி, ஆறு சீட்டிலும் ‘தி ஹில் பில்லீஸ்’ என்று எழுதச் சொன்னார். ஒரு கூச்சத்தில், ஒரு தன்னடக்கத்தில், வாய்க்கு வந்தபடி சொன்ன சொல் அரைநிமிடத்தில் பதிவேட்டில் ஏறிவிட்டது.

அந்தச் சொல்லின் பொருளை இங்கே விளக்க வேண்டும். ‘ஹில்’ மலை. ‘பில்லி’ என்பது ஸ்கொத்லாந்துப் பேச்சு வழக்கில் தோழன், கூட்டாளி என்று பொருள்படும். இவ்விரண்டும் சேர்ந்தே சொல் பிறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். அப்படியானால் மூலத்தில் அது ‘மலைத் தோழன்’ என்ற இனிய சொல். (தேயிலை பயிரிட நம் மலைகளுக்கு வந்த துரைமாரிலும் ஸ்கொத்லாந்துக்காரர் பலர். பதுளையில் ‘கிளன் அல்பின்’ என்று ஒரு தோட்டம் இருப்பது அவர்கள் விட்டுப்போன ஞாபகம். ‘தோழன்’ என்ற சொல்லை மட்டும் அவர்கள் இங்கே கொண்டுவந்ததாகத் தெரியவில்லை!) ஆனால் 1900ஆம் ஆண்டு நியூயோர்க் பத்திரிகையொன்று இச்சொல்லை அச்சிட்டபோது கொடுத்த விளக்கம் வேறு. அலபாமா மலையில் வாழ்பவன், கையில் காசில்லாதவன், கிடைத்ததை உடுத்துபவன், நினைத்ததைப் பேசுபவன், கிடைத்தபோது குடிப்பவன், தோன்றியபோது துப்பாக்கியை வெடிப்பவன் என்பது அதன் சாரம். வறுமையும் மலையும் ஒன்றாகச் சேர்ந்தால் நகரத்தானுக்குச் சிரிப்பு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. ‘மலைவாசி’ என்றால் மரியாதை கூடிவிடுகிறது. ‘பட்டிக்காட்டான்’ என்றால் மலை போய்விடுகிறது. ஒருவாறு ‘மலைக்காட்டான்’ என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “தோட்டக்காட்டான்னு சொல்லுங்க சேர்” என்றான். வகுப்பே சிரித்தது. அகராதி கொடுக்காததைப் பதினாறு வயதுப் பிள்ளை கொடுத்துவிட்டான்.

அந்தச் சொல் எனக்கும் பழக்கம்தான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாள், விடுதி அறையில் கூட இருக்க வந்தவர் ஊரைக் கேட்டார். பசறை என்றேன். தெரியவில்லை. பதுளைக்கு அங்கால் என்றேன். “ஓ, தோட்டக்காட்டுப் பக்கமோ?” என்றார். பகைமை எதுவும் அந்தக் குரலில் இல்லை. இடத்தை விளங்கிக்கொண்ட நிம்மதி மட்டுமே இருந்தது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அதே வாரம் மாமா மகன் கடிதம் எழுதியிருந்தான். “தோட்டக்காட்டானெல்லாம் கம்பசுக்குப் போயிட்டான்யா” என்று தொடங்கிய கடிதம். அதை வாசித்து அறையே அதிரச் சிரித்தேன். ஒரே சொல், ஒரே வாரம்.

டோனி ஆல்டர்மனுக்கு நேர்ந்ததும் இதுதான். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் மனம் சங்கடப்பட்டது. கேலக்ஸ் ஊர்ப்பக்கம் அது சிரிப்புச் சொல் மட்டுமல்ல. அடிதடிக்கு இழுக்கும் சொல் என்பதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டார் என்ன சொல்வார்கள்? நல்ல குடும்பத்துப் பிள்ளை, நகரத்துக்குப் போய்ப் பெயரெடுத்துக்கொண்டு வருவான் என்று பார்த்தால், வசைப்பெயரை எடுத்துக்கொண்டு வருகிறானே என்று கேட்கமாட்டார்களா? பெயரை மாற்றிவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். அப்போதுதான் ஏர்னஸ்ட் ஸ்டோன்மனைக் கண்டார்கள். அவரும் அதே மலைப்பகுதித் தச்சுத் தொழிலாளி. மனைவி மக்களோடு பாடிப் பின்னாளில் பெரும் புகழ்பெற்றவர். பதிவுக்கு என்ன பெயர் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னார்கள். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சிரிப்புத்தான் பெயரை நிலைநிறுத்தியது என்பது என் எண்ணம். பியர் எழுதச் சொன்னபோது அது வியாபாரக் குறி. ஸ்டோன்மன் சிரித்தபோது அது வீட்டுப் பெயராகிவிட்டது. அவர் நகரத்தவராக இருந்திருந்தால் நால்வரும் வெட்கித் தலைகுனிந்து, அடுத்த பதிவுக்கு வேறு பெயரில் போயிருப்பார்கள்.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1925 மார்ச்சில் வொஷிங்டன் வானொலி நிலையத்தில் இவர்கள் பாடத் தொடங்கினார்கள். மலையைவிட்டு நகரத்துக்குப் பிழைக்கப் போன ஆயிரக்கணக்கானோர் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டார்கள். வானொலியில் பேசும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தமானது. இசைத்தட்டு வாங்கக் காசு வேண்டும். வானொலி அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அதே ஆண்டு மே மாதம் டெனசி மாநிலத்து மவுண்டன் சிட்டியில் நடந்த பிடில்காரர் மாநாட்டுக்குப் போனார்கள். அங்கே சார்லி போமன் என்ற தேர்ந்த பிடில் கலைஞர் இவர்களோடு சேர்ந்துகொண்டார். ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜ் முன்னிலையிலும் வாசித்தார்கள். 1920களின் இறுதியில் வார்னர் சகோதரர்களின் குறும்படமொன்றிலும் தோன்றினார்கள். அல் ஹொப்கின்ஸ் பியானோ வாசித்தபடி பாடுவார். மலைநாட்டு நரம்புக் குழுக்களில் பியானோ அபூர்வம். குழுவில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தாலும் ஹொப்கின்ஸ் சகோதரர்களே அதன் நடுத்தூண்.

பெயர் விற்பனைக்கு உதவிற்று என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. வொக்கேலியன் என்ற நிறுவனத்துத் தட்டுகளில் இவர்கள் ‘மலைக்காட்டார்’. அதே ஆட்கள், அதே காலத்தில், பிரன்ஸ்விக் தட்டுகளில் ‘அல் ஹொப்கின்ஸும் பக்கிள் பஸ்டர்ஸும்’, அதாவது இடைவார்க் கொக்கி அறுந்து தெறிக்க ஆடுபவர்கள்! ஒருமுறை வேடிக்கைப் பெயரோடு விற்றவர்களுக்கு மறுமுறையும் வேடிக்கைப் பெயரே தேவைப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து வருகிறவன் கொஞ்சம் சிரிக்க வைத்தால்தான் அவன் சோகப்பாட்டையும் கேட்பார்கள் போலும்.

ஆனால் பெயர் அவர்கள் கையில் நிற்கவில்லை. மற்றக் குழுக்களும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டன. சில ஆண்டுகளில் ஒரு குழுவின் பெயர் ஓர் இசை வகையின் பெயராகிவிட்டது. தென்மாநிலத்து ஏழை வெள்ளையர் பாடியதெல்லாம் ‘ஹில்பில்லி இசை’. கறுப்பின மக்கள் பாடியவற்றுக்கு வேறு தொகுதி, வேறு இலக்கம், வேறு பெயர். மலையில் இரு சாராரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மெட்டுக்களை வாங்கிப் பாடியவர்கள். பிடிலும் பாஞ்சோவும் ஒரே திண்ணையில் பழகியவை. கடைக்காரரின் தட்டில் மட்டும் தோல் நிறத்தின்படி பிரித்து அடுக்கினார்கள். 1934ஆம் ஆண்டு அல் காப் வரைந்த ‘லில் அப்னர்’ என்ற பத்திரிகைச் சித்திரக்கதை வெளிவந்தது. கிழிந்த காற்சட்டையும் மதுச்சாடியும் மந்தபுத்தியுமாக மலைவாசியை வரைவது நாடு முழுவதற்கும் பொழுதுபோக்காயிற்று. ஹொப்கின்ஸ் சொன்ன சொல்லில் இருந்த கண்சிமிட்டல் அங்கே இல்லை. அதைப் பார்க்க அவர் உயிரோடும் இல்லை. 1932ஆம் ஆண்டு மோட்டார் வாகன விபத்தில் இறந்துபோனார். குழுவும் அத்தோடு கலைந்தது. 1949இல் ‘பில்போர்ட்’ சஞ்சிகை இவ்வகை இசைக்கு ‘நாட்டுப்புற, மேற்கத்திய இசை’ என்ற பொருளில் புதுப்பெயரை ஏற்றுக்கொண்டது. பணம் சேர்ந்த பிறகு பழைய பெயர் கூச்சம் தந்திருக்கிறது.

இத்தனை விவரமும் நமக்குக் கிடைக்கக் காரணமானவர் ஆர்ச்சி கிரீன். கப்பல் கட்டும் தளத்தில் தச்சராக உழைத்தவர், தொழிற்சங்கக்காரர், பின்னரே தொழிலாளர் வழக்காற்றை ஆராயும் அறிஞரானார். ஆல்டர்மன் போன்றோரைத் தேடிச் சென்று விசாரித்து 1965ஆம் ஆண்டு ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். தட்டில் ஒட்டிய பெயருக்குப் பின்னால் ஒரு சலூன்காரரின் வெட்கம் இருக்கிறது என்று தேடிப்போக ஓர் உழைப்பாளியால்தான் முடிந்திருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் மலைமக்கள் பாடியாடியதற்கு ஒரு காலத்தில் அழகிய பெயர் இருந்தது. சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டம் ‘குன்றக் குரவை’யோடுதான் தொடங்குகிறது. கணவனை இழந்து வேங்கை மரநிழலில் நின்ற கண்ணகியை முதலில் கண்டவர்களும், தெய்வமென்று தெரிந்துகொண்டவர்களும், அவளுக்காகக் கைகோத்து ஆடியவர்களும் குன்றவரே. அவர்களைச் சொல்லும்போது இளங்கோவின் குரலில் ஏளனம் துளியும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்துக் குறவஞ்சி நாடகங்கள் வந்தன. குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் பாடும் அழகை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி மகிழ்கிறேன். ஆயினும் சிங்கனைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சில இடங்களைக் கவிராயர் வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பியத்தில் சாட்சியாக நின்றவன், சிற்றிலக்கியத்தில் வேடிக்கையாகிவிட்டான்.

தோட்டங்களுக்கு வந்த நம் மக்களுக்கோ பெயர் வைக்க எல்லோரும் முந்திக்கொண்டார்கள். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் இலக்கம். 1911ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில் ‘இந்தியத் தமிழர்’ என்ற தனி நிரல். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் ‘நாடற்றவர்’. கடைத்தெருவில் ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’, ‘கள்ளத்தோணி’. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறி, நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கங்களில் குடியேறியவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். இதில் நகைச்சுவை இருக்கிறது. சிரித்தவர்கள் மட்டும் நாமல்லர்.

ஹொப்கின்ஸ் குழுவினர் வசைச்சொல்லையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நம் முன்னோடிகள் அந்த வழியில் போகவில்லை. 1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களிடம் படித்த இளைஞர்களும் எழுத்தாளர்களும் ‘மலையகம்’ என்ற சொல்லை உரத்துச் சொல்லத் தொடங்கினார்கள். அகம் என்றால் வீடு. உள்ளம் என்றும் பொருள். இலக்கணம் தெரிந்தவர்கள் வைத்த பெயர்! எழுத்தாளர்கள் தம் பெயர்களையும் அவ்வாறே அமைத்தார்கள். ஒருவர் சாரல் நாடன். ஒருவர் குறிஞ்சித் தென்னவன். ஹாலிஎல அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்த ஜோசப், பதுளைக்கு அருகே தாம் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தலையில் சூடிக்கொண்டார். தெளிவத்தை ஜோசப் 2022ஆம் ஆண்டு மறைந்தபோது தமிழுலகம் முழுவதும் அந்தத் தோட்டத்தின் பெயரை உச்சரித்தது. துரை வைத்திருந்த பெயர்ப்பலகையை மெதுவாகக் கழற்றித் தம் கதவில் மாட்டிக்கொண்ட சாமர்த்தியம் அது. ‘காட்டான்’ என்பதில் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். பேரணிகளில் 2023ஆம் ஆண்டு இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபோதும் ஒலித்தது ‘மலையகம்’ என்ற சொல்தான். அவர்கள் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன். நிலமும் முகவரியும் இல்லாத சனத்துக்கு வசைப்பெயரை வைத்து விளையாடும் வசதி இருக்கவில்லை. வேர்ஜினியா மலைக்காரனைக் கேலி செய்யலாம். ஆனால் அவனைக் கப்பலேறு என்று எவரும் சொல்லவில்லை.

இன்றைய பிள்ளைகள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைக் கலைவிழாவுக்கு, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு நாட்டார் பாடல் நிகழ்ச்சி தயாரித்தார்கள். எல்லோரும் ஒரே குடும்பம்: அண்ணன், இரண்டு தங்கைமார், சித்தப்பா பிள்ளைகள் மூவர். தப்பு அடிக்க அவர்களுடைய அப்புச்சியே வருவதாக ஏற்பாடு. காமன் கூத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடிப் பழகிய கிழவர் அவர். நிகழ்ச்சி நிரலில் போடப் பெயர் கேட்டேன். ‘தோட்டக்காட்டு செட்’ என்றான் மூத்தவன். நான் சொன்ன ஹொப்கின்ஸ் கதையை அவன் மறக்கவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று ஒரு கணம் விளங்கவில்லை. வேண்டாமென்றால் நான் சொன்ன பாடத்தையே மறுத்ததாகும். சரியென்றால் மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கப்போகும் முகங்கள் கண்முன் வந்தன. வீட்டில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தான். அம்மாயி ஒரே ஒரு கேள்வி கேட்டதாம்.

“அத மைக்குல யாருடா கூப்புடுவாங்க?”

“அறிவிப்பாளர் அம்மாயி. டவுன்லேருந்து வர்றவரு.”

“அப்ப வேணாம். ஒங்கப்புச்சி கூப்புட்டா வச்சுக்க.”

அறிவிப்பாளர் வேலை அப்புச்சிக்குக் கிடைக்காது என்பதால் இரவு முழுவதும் வேறு பெயர் தேடியிருக்கிறார்கள். அவர்கள் வீடு இருப்பது பத்துக் காம்பரா லயத்தில். பாடுகிற ஆறு பேரும் அதில் பக்கத்துப் பக்கத்து இரண்டு காம்பராவில் வளர்ந்தவர்கள். ஒரு வீட்டில் பாட்டுப் பழகினால் மறு வீட்டில் தூங்க முடியாது. ஆகவே ‘பத்துக் காம்பரா பாட்டுக்காரங்க’ என்று எழுதிக் கொடுத்தார்கள். விழாவன்று அறிவிப்பாளர் அந்தத் தாளை உற்றுப் பார்த்தார். ஒருமுறை வாசித்தார், தவறாக வாசித்துவிட்டோமோ என்று நினைத்தவர் போல இன்னொரு முறையும் வாசித்தார். முதலில் பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெற்றோர் சிரித்தார்கள். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. திரை விலகுமுன்னரே அப்புச்சி தப்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்.